அலுவலகத் தமிழில் பிழை தவிர்க்க: கடிதம் அனுப்பும் முன் செய்ய வேண்டியவை

பள்ளி இலக்கணம் எழுத்தில் தொடங்கி, சொல்லுக்குப் போய், கடைசியில்தான் தொடருக்கு வருகிறது. கடிதத்தையோ சுற்றறிக்கையையோ ஆண்டறிக்கையையோ மேசையில் வைத்துக்கொண்டு, மாலைக்குள் அனுப்பியாக வேண்டும் என்ற நெருக்கடியில் இருப்பவருக்கு அந்த வரிசை உதவாது. புதிதாக இந்தப் பணிக்கு வருபவர்கள் முதல் வரியிலேயே க், ச், த், ப் எங்கே போடுவது என்று தேடத் தொடங்கி, அதிலேயே நேரத்தைச் செலவிட்டுவிட்டு, பன்மை எழுவாய்க்கு ஒருமை வினை போட்ட வாக்கியத்தை அப்படியே அனுப்பிவிடுகிறார்கள். பொருளைக் கெடுக்கும் பிழையை முதலிலும், தோற்றத்தை மட்டும் கெடுக்கும் பிழையைக் கடைசியிலும் பார்க்க வேண்டும் என்பது எனக்குப் பிடிபட வெகுகாலம் ஆயிற்று. கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் அமைந்துள்ளன. ஒரு வாசிப்பில் ஒருவகைப் பிழையை மட்டும் தேடுங்கள். எல்லாவற்றையும் ஒரே வாசிப்பில் பிடிக்க முயன்றால் பாதி தப்பிவிடும்.

1. எழுதும் முன் கையில் வைத்திருக்க வேண்டியவை

முதலாவது, நீங்கள் பதில் எழுதும் மூலக் கடிதம். பெயர், பதவி, நாள், கோப்பு எண் ஆகியவற்றை நினைவிலிருந்து எழுதாமல் அதைப் பார்த்தே எழுதுங்கள். ஒருவர் தம் பெயரை எப்படி எழுதுகிறாரோ அப்படியே எழுத வேண்டும். பெயரில் இலக்கணம் பார்க்கக் கூடாது.

இரண்டாவது, உங்கள் நிறுவனத்தின் நடைக்குறிப்பு. பல இடங்களில் அப்படி ஒன்று இருக்காது. இல்லையென்றால் ஒரு பக்கத்தில் நீங்களே தொடங்குங்கள். இரண்டு வடிவங்களும் வழக்கில் உள்ள சொற்களில் எதை எடுத்துக்கொள்வது என்ற முடிவுகள் மட்டும் அதில் இருந்தால் போதும். கருத்துகள் என்று எழுதுவதா, கருத்துக்கள் என்று எழுதுவதா? தேதி என்பதா, நாள் என்பதா? இவற்றில் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் வாதாட ஆள் உண்டு. ஒரே அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் ஒன்றும் ஏழாம் பக்கத்தில் இன்னொன்றும் இருப்பதற்குத்தான் எந்த நியாயமும் சொல்ல முடியாது.

மூன்றாவது, அகராதி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியை இணையத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். ர, ற குழப்பத்துக்கும் ல, ள, ழ குழப்பத்துக்கும் அது போதும். ஆனால் அதன் முதன்மைத் தொகுதிகள் 1924 முதல் 1936 வரை வெளியானவை என்பதால், இன்றைய அலுவலகச் சொற்கள் பலவற்றை அதில் எதிர்பார்க்க முடியாது; அவற்றுக்குத் தற்காலத் தமிழ் அகராதி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, உங்கள் சொந்தப் பிழைப் பட்டியல். மேலாளரோ வேறு யாரோ திருத்தித் தந்த ஒவ்வொரு சொல்லையும் அதில் குறித்து வாருங்கள். மனிதர்கள் புதுப்புதுப் பிழைகளைச் செய்வதில்லை. செய்த பிழைகளையே திரும்பத் திரும்பச் செய்கிறார்கள்.

2. முதல் வாசிப்பு: எழுவாயும் பயனிலையும்

அலுவலகக் கடிதங்களில் நான் மிகுதியாகக் காணும் பிழை இதுதான்: "தேவையான ஆவணங்கள் அனைத்தும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது." ஆவணங்கள் பன்மை, ஆகவே "இணைக்கப்பட்டுள்ளன" என்று முடிய வேண்டும். பேச்சில் "கடிதங்கள் வந்தது" என்று சொல்லிப் பழகிய நாக்கு, எழுத்திலும் அதையே கொண்டுவருகிறது.

இதைப் பிடிக்க எளிய வழி உண்டு. வாக்கியத்தின் எழுவாயை அடிக்கோடிட்டு, நடுவில் உள்ள அனைத்தையும் தாண்டி, கடைசிச் சொல்லோடு சேர்த்துப் படியுங்கள். "கடந்த மாதம் தங்கள் அலுவலகத்திலிருந்து பெறப்பட்ட விண்ணப்பங்கள், உரிய சான்று இணைக்கப்படாத காரணத்தால், இத்துடன் திருப்பி அனுப்பப்படுகிறது" என்ற வாக்கியத்தை முழுதாகப் படித்தால் பிழை கண்ணில் படாது; அருகிலுள்ள "சான்று" என்ற ஒருமைச் சொல் காதை ஏமாற்றிவிடும். "விண்ணப்பங்கள் அனுப்பப்படுகிறது" என்று சுருக்கிப் படித்தால் உடனே தெரிந்துவிடும். "வில்லை" என்று முடியும் எதிர்மறை வாக்கியமாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. "அனுப்பப்படவில்லை" என்பது ஒருமைக்கும் பன்மைக்கும் பொது.

இதே வாசிப்பில் இன்னும் சிலவற்றைக் கவனியுங்கள். "ஒவ்வொரு ஊழியர்களும்" என்பது பிழை. "ஒவ்வோர் ஊழியரும்" என்பதே சரி. குழு என்பது ஒருமை: தேர்வுக் குழு முடிவு செய்தது; ஆட்களைச் சுட்ட வேண்டுமானால் குழுவினர் முடிவு செய்தனர். ஆட்களை அடுக்கினால் "ஆகியோர்", பொருள்களை அடுக்கினால் "ஆகியவை". சிறிய எண்ணிக்கையில் "மூன்று அலுவலர்கள்" என்பதைவிட "அலுவலர்கள் மூவர்" என்பது செம்மையானது. "உம்" சேர்த்து அடுக்கினால் எல்லாச் சொற்களிலும் சேர்க்க வேண்டும்: விண்ணப்பமும் சான்றிதழும் ரசீதும். அதற்கு நடுவே "மற்றும்" வேண்டியதில்லை.

"அல்ல" என்பது இலக்கணப்படி அஃறிணைப் பன்மைக்கு உரியது. ஒருமைக்கு "அன்று" வர வேண்டும். ஆனால் "இது இறுதி அறிக்கை அன்று" என்று எழுதினால், படிப்பவர் ஒரு கணம் அந்த நாளைச் சொல்வதாக எண்ணித் தடுமாறுவார். இன்றைய வழக்கில் இரண்டுக்கும் "அல்ல" நிலைபெற்றுவிட்டதால், அதையே எழுதலாம் என்பது என் கருத்து. "இல்லை" என்பதோடு மட்டும் அதைக் குழப்பக் கூடாது. கோப்பு மேசையில் இல்லை. இது நான் கேட்ட கோப்பு அல்ல.

நீண்ட வாக்கியம் எழுதுபவர்கள் விழும் குழி மற்றொன்று. "விண்ணப்பதாரர் படிவத்தை நிரப்பி, அலுவலகம் அதைப் பெற்றுக்கொள்ளும்" என்ற வாக்கியத்தில் நிரப்புபவர் ஒருவர், பெற்றுக்கொள்வது வேறொன்று. செய்து, நிரப்பி, கொடுத்து போன்ற எச்சங்கள் வாக்கியத்தை முடிக்கும் வினையின் எழுவாயையே தமக்கும் எழுவாயாகக் கொள்ளும். செய்பவர் மாறினால் எச்சத்தையும் மாற்ற வேண்டும்: "விண்ணப்பதாரர் படிவத்தை நிரப்பித் தந்ததும், அலுவலகம் அதைப் பெற்றுக்கொள்ளும்." ஒப்பந்தங்களில் இதைக் கோட்டைவிட்டால், யார் எதற்குப் பொறுப்பு என்பதே தெளிவில்லாமல் போகும்.

3. மரியாதைச் சொற்களை ஒருசீராக்குங்கள்

"தாங்கள்" என்று தொடங்கினால் கடைசி வரை தாங்கள், தங்கள் என்றே போக வேண்டும். நடுவில் "நீங்கள்" நுழையக் கூடாது. மூத்தவரைப் பற்றிப் படர்க்கையில் எழுதும்போது "மேலாளர் தனது ஒப்புதலை அளித்தார்" என்று எழுதுவது பரவலான பிழை. "அளித்தார்" என்று மரியாதைப் பன்மையில் முடிப்பதால், "தமது ஒப்புதலை" என்பதே பொருந்தும். பதவிப் பெயருக்குப் பின் "அவர்கள்" சேர்த்தால், வினை "தாங்கினார்" என்று முடிவதா "தாங்கினார்கள்" என்று முடிவதா என்பதை நடைக்குறிப்பில் ஒருமுறை முடிவு செய்துவிடுங்கள்.

4. ஓர் எழுத்தால் பொருள் மாறும் சொற்கள்

தங்கும் விடுதிக்கான அறிவிப்பில் "அறைக் கட்டணம்" என்பதை "அரைக் கட்டணம்" என்று அச்சிட்டால், வருபவர் பாதிப் பணத்தைத்தான் நீட்டுவார். அவர்மேல் குறை சொல்லவும் முடியாது. கணக்கறிக்கையில் "பெறும் தொகை" வர வேண்டிய இடத்தில் "பெரும் தொகை" வந்தால், இனிமேல் வரவிருக்கும் பணம் பெரிய பணமாகிவிடும். "கோப்புகளை அளித்தார்" என்பதை "அழித்தார்" என்று எழுதினால் விசாரணையே வரலாம்.

இவ்வகையில் எழுத்துப்பணியில் அடிக்கடி இடறுபவை இவை: வேலை என்பது பணி, வேளை என்பது பொழுது; உறை என்பது கடிதத்தை இடுவது, உரை என்பது பேச்சு அல்லது விளக்கம்; துறை என்பது அலுவலகப் பிரிவு, துரை என்பது ஒருவரைக் குறிப்பது; முன்னாள் தலைவர் என்பவர் பதவியிலிருந்து விலகியவர், முன்னால் என்பது இடத்தைச் சுட்டுவது. பொறுப்பு என்பதைப் "பொருப்பு" என்று எழுதினால் அது மலையாகிவிடும்.

கடிதத்தின் தலையிலேயே இரண்டு சொற்கள் காத்திருக்கின்றன: அனுப்புநர், பெறுநர். இரண்டிலும் "ந" தான் வரும்; இயக்குநர், ஓட்டுநர், வல்லுநர் ஆகியவற்றிலும் அப்படியே.

ஒரே விதியால் ஒரு கூட்டப் பிழைகளை ஒழிக்கலாம். ற், ட் ஆகிய மெய்களை அடுத்து இன்னொரு மெய் வராது. ஆகவே பயிற்ச்சி, முயற்ச்சி, அதற்க்கு, எதற்க்காக, காட்ச்சி எல்லாம் பிழை. பயிற்சி, முயற்சி, அதற்கு, எதற்காக, காட்சி என்பவையே சரி. ய், ர், ழ் ஆகியவற்றை அடுத்து வரலாம் என்பதால் வாய்ப்பு, வளர்ச்சி, மகிழ்ச்சி ஆகியவை சரியானவை. இந்த இரண்டு கூட்டத்தையும் ஒன்றாக எண்ணுவதால்தான் பிழை வருகிறது.

உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன் "ஓர்", மற்றவற்றுக்கு "ஒரு": ஓர் ஆண்டு, ஓர் அலுவலகம், ஒரு மாதம்.

5. இடைவெளியைச் சரிபாருங்கள்

"ஓட்டுநர் விருந்தினரை அழைத்து வந்து விட்டார்" என்றால் கொண்டுவந்து இறக்கிவிட்டார் என்றும் பொருள்படும்; "அழைத்து வந்துவிட்டார்" என்றால் அந்தச் செயல் முடிந்துவிட்டது என்று பொருள். துணைவினையாக வருவதை முதல் வினையோடு சேர்த்தே எழுதுங்கள்: கேட்டுக்கொள்கிறேன், முடிந்துவிட்டது, அறிவிக்கப்படும். "அறிவிக்கப் படும்" என்று பிரித்து எழுதுவது சுற்றறிக்கைகளில் தொற்றுநோயாகப் பரவியிருக்கிறது.

"தான்" என்பதில் கூடுதல் கவனம் வேண்டும். "அவர்தான் கையொப்பமிட்டதாகச் சொன்னார்" என்பதும், "அவர், தான் கையொப்பமிட்டதாகச் சொன்னார்" என்பதும் வேறுவேறு. முன்னதில் அழுத்தம் அவர்மேல் விழுகிறது. பின்னதில் அவர் தம் கையொப்பத்தை ஒப்புக்கொள்கிறார். விசாரணைக் குறிப்பு எழுதுபவர்கள் இந்த இடைவெளியைத் தட்டச்சு செய்பவரின் விருப்பத்துக்கு விட்டுவிடக் கூடாது.

6. ஒற்று: கடைசியில், ஆனால் பொறுமையாக

இரண்டு சொற்களுக்கு நடுவே க், ச், த், ப் என்ற ஒற்று மிகுமா (கூடுதலாக வருமா), மிகாதா? எல்லாரும் அஞ்சுவது இதற்குத்தான். விதிகள் பல இருந்தாலும், அலுவலகக் கடிதத்தில் திரும்பத் திரும்ப வருபவை சில மட்டுமே. அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கும்போது மட்டும் இந்தக் கேள்வி எழும் என்பதை முதலில் நினைவில் வையுங்கள்.

கட்டாயம் மிகும் இடங்கள்: "ஐ" உருபுக்குப் பின் (கடிதத்தைப் பெற்றேன்), "கு" உருபுக்குப் பின் (அலுவலகத்துக்குச் சென்றேன்), அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி, எப்படி ஆகியவற்றுக்குப் பின் (இந்தத் திட்டம், அப்படிச் செய்க), "ஆக" என்பதற்கும் "என" என்பதற்கும் பின் (தெளிவாகக் கூறினார், எனத் தெரிவித்தார்), வர, எழுத, பெற போன்ற எச்சங்களுக்குப் பின் (வரச் சொன்னார், எழுதத் தொடங்கினார்), இகரத்தில் முடியும் எச்சங்களுக்குப் பின் (எழுதிக் கொடுத்தார்).

உகரத்தில் முடியும் எச்சங்களுக்கு ஒரு சோதனை இருக்கிறது. கடைசி எழுத்துக்கு முன் வல்லின மெய் இருந்தால் மிகும்: படித்துப் பார்த்தார், கேட்டுத் தெரிந்தார். மெல்லின மெய்யோ இடையின மெய்யோ வெறும் உயிர்மெய்யோ இருந்தால் மிகாது: வந்து சேர்ந்தது, கண்டு பேசினார், செய்து கொடுத்தார். இதனால்தான் "என்று கூறினார்" என்பதில் ஒற்று இல்லை, "எனக் கூறினார்" என்பதில் உண்டு. இந்த ஓர் இணையை மனத்தில் வைத்துக்கொண்டால் கடிதத்துக்குக் கடிதம் பயன்படும்.

மிகாத இடங்கள்: பெயரெச்சத்துக்குப் பின் (அனுப்பிய கடிதம், வந்த தொகை, செலுத்தாத கட்டணம்), பல, சில ஆகியவற்றுக்குப் பின் (பல திருத்தங்கள்), அது, இது ஆகியவற்றுக்குப் பின், "உடைய", "இருந்து", "ஓடு" ஆகியவற்றுக்குப் பின் (என்னுடைய கோப்பு, அங்கிருந்து புறப்பட்டார்). எண்ணுப்பெயர்களில் இரண்டு கோப்புகள், ஐந்து பக்கங்கள் என்றே வரும். எட்டும் பத்தும் மட்டும் விலக்கு: எட்டுப் பக்கங்கள், பத்துக் கோப்புகள்.

மிஞ்சுவது இரண்டு பெயர்கள் சேரும் இடம். முதல் சொல்லின் இறுதியிலுள்ள "ம்" கெட்டுச் சேர்ந்தால் மிகும்: விண்ணப்பம், படிவம் இரண்டும் சேர்ந்து விண்ணப்பப் படிவம். இரண்டு சொற்களுக்கும் நடுவில் "உம்" மறைந்திருந்தால் மிகாது: வரவு செலவு. ஆட்களைக் குறிக்கும் "ர்" ஈற்றுச் சொற்களுக்குப் பின்னும் மிகாது: ஊழியர் கூட்டம், ஆசிரியர் தேர்வு.

அளவுக்கு மீறித் திருத்துவதும் பிழைதான். ஒற்று விதிகளைப் புதிதாகக் கற்றவர்கள் "நன்றித் தெரிவித்தார்", "விடுமுறைக் கோரினார்" என்றெல்லாம் எழுதத் தொடங்குவார்கள். "ஐ" வெளிப்படையாக இருந்தால்தான் அங்கே மிகும்: நன்றியைத் தெரிவித்தார். "ஐ" மறைந்து, அடுத்து வினை வந்தால் மிகாது: நன்றி தெரிவித்தார், விடுமுறை கோரினார். அடுத்து வருவது பெயரானால் கதை வேறு: நன்றிக் கடிதம், விடுமுறைக் கடிதம். ஐயம் தீராவிட்டால் உருபை வெளிப்படையாக எழுதிவிடுங்கள், சிக்கலே எழாது.

நிறுத்தக்குறி குறுக்கிட்டால் ஒற்று தேவையில்லை. "படிவத்தை நிரப்பி, கையொப்பமிட்டு" என்பதில் காற்புள்ளிதான் எல்லை.

7. எண்ணை எழுத்தால் எழுதும்போது

காசோலை, ரசீது, ஒப்பந்தம் மூன்றிலும் தொகையை எழுத்தால் எழுத வேண்டியிருக்கும். 300 என்பது முந்நூறு, 500 என்பது ஐந்நூறு, 12 என்பது பன்னிரண்டு. முன்னூறு, ஐநூறு, பன்னிரெண்டு என்ற வடிவங்களைத் தவிருங்கள். இலக்கத்தில் உள்ள தொகையும் எழுத்தில் உள்ள தொகையும் ஒன்றுதானா என்று தனியாக ஒருமுறை பாருங்கள்.

8. கணினிக் கருவிகளை எந்த அளவுக்கு நம்பலாம்

எழுத்துப் பிழைக்கு வாணி, சந்திப் பிழைக்கு, அதாவது ஒற்றுப் பிழைக்கு, நாவி என்ற இரண்டு கருவிகள் இணையத்தில் கிடைக்கின்றன. ஆறாம் படியை முடித்த பிறகு இவற்றில் இட்டுப் பார்ப்பது நல்லது. ஆனால் பெரும், பெறும் இரண்டும் சரியான சொற்களே என்பதால், எந்த இடத்தில் எது வர வேண்டும் என்பதைச் சொல்திருத்தியிடம் எதிர்பார்க்கக் கூடாது. பணியாளர் விவரம், ஒப்பந்தம், வழக்குத் தொடர்பான குறிப்பு போன்ற இரகசிய ஆவணங்களை எந்த இணையக் கருவியிலும் ஒட்டாதீர்கள். ஐயமுள்ள வாக்கியத்தை மட்டும், பெயர்களை நீக்கிவிட்டுச் சோதித்துக்கொள்ளலாம்.

பழைய எழுத்துருவிலிருந்து ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றிய கோப்பாக இருந்தால், "ஔகாரத்தை" தேடிப் பாருங்கள். "கௌரவம்" என்பது "கெளரவம்" என்று மாறியிருக்கும். அதாவது கெ, ள என்று இரண்டு எழுத்துகளாக இருக்கும். அச்சில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோல் தெரியும், ஆனால் கோப்பில் அந்தச் சொல்லைத் தேடினால் கிடைக்காது.

9. நேரமும் செலவும்

ஒரு பக்கக் கடிதத்துக்குச் செலவு எதுவும் இல்லை, நேரம் மட்டும்தான். எழுதி முடித்த உடனே திருத்தாதீர்கள். முந்தைய நாளே வரைவை முடித்து, மறுநாள் காலையில் தாளில் அச்செடுத்துப் படியுங்கள். அவ்வளவு அவகாசம் இல்லையென்றால், கடைசி வாக்கியத்திலிருந்து முதல் வாக்கியம் நோக்கிப் பின்னோக்கிப் படியுங்கள். கருத்தோட்டம் அறுபடுவதால் பிழை கண்ணில் படும்.

ஆண்டறிக்கை, ஒப்பந்தம், விளம்பரம், கல்வெட்டு வாசகம் போன்று பிறகு மாற்ற முடியாதவற்றுக்கு மெய்ப்புத் திருத்துபவரை அமர்த்துவது வீண்செலவு அல்ல. பக்கக் கணக்கிலோ சொற்கணக்கிலோ கட்டணம் கேட்பார்கள். பணி தொடங்கும் முன் மூன்றை எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள்: எழுத்துப் பிழை மட்டுமா, வாக்கியத் திருத்தமும் உண்டா, எத்தனை முறை மெய்ப்புப் பார்ப்பார், உங்கள் நடைக்குறிப்பையா, அவருடைய வழக்கத்தையா பின்பற்றுவார். பக்க வடிவமைப்புக்கு முன்பே திருத்தத்தை முடித்துவிட வேண்டும். வடிவமைத்த பின் ஒரு வரியை மாற்றினால் அடுத்த பக்கங்கள் நகரும். அதற்குத் தனியாகக் கட்டணம் கேட்பதும், திருத்தும்போதே புதிய பிழை நுழைவதும் வாடிக்கை.

10. அனுப்பிய பின் பிழை தெரிந்தால்

ஒற்றுப் பிழைக்காக யாரையும் மீண்டும் தொந்தரவு செய்ய வேண்டாம்; உங்கள் பட்டியலில் குறித்துக்கொண்டு விட்டுவிடுங்கள். பொருளோ தொகையோ பெயரோ மாறியிருந்தால் அன்றைக்கே திருத்தக் கடிதம் அனுப்ப வேண்டும். முழுக் கடிதத்தையும் மாற்றி எழுதி அனுப்பினால் எது செல்லும் என்ற குழப்பம் வரும். முந்தைய கடிதத்தின் எண்ணையும் நாளையும் குறிப்பிட்டு, "இரண்டாம் பத்தியின் மூன்றாம் வரியில் 'பெரும் தொகை' என உள்ளதை 'பெறும் தொகை' எனத் திருத்திப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன், மற்ற விவரங்களில் மாற்றமில்லை" என்று எழுதினால் போதும். அந்தத் திருத்தத்தின் நகலை மூலக் கடிதத்தோடு சேர்த்தே கோப்பில் வையுங்கள்.